வண்டியின் தாகம்

மோட்டார் காருக்குப் பெட்ரோல்தான் ஆகாரம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதற்குத் தாகமும் உண்டு என்பது பலருக்கு மறந்து போய்விட்டது. பெட்ரோல் தீர்ந்தால் வண்டி மரியாதையாக நின்றுவிடும். ஒரு டப்பாவில் வாங்கி வந்து ஊற்றினால், பழைய மனஸ்தாபம் எதுவும் இல்லாமல் மறுபடியும் கிளம்பும். தண்ணீர் தீர்ந்தால் அப்படி உடனே நிற்பதில்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் சிலிண்டர் தலை கோணிக்கொண்டுவிடும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கேட்டால் சொந்தக்காரரின் தலையும் சுற்றும்.

எஞ்சினுக்குள்ளே நடப்பது ஓயாத வாணவேடிக்கை. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து எரியும்போது அந்த வாயுவின் உஷ்ணம் 2000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுகிறது. எஞ்சினில் பெரும் பாகம் செய்யப்பட்டிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடக்கூடியது. எரிகிற பெட்ரோலின் சக்தியில் சுமாராக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்ற உதவுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மூன்றாவது பங்கை எஞ்சினின் சுவர்கள் வாங்கிக்கொள்கின்றன. அந்தச் சுவர்களைச் சுற்றி ஓடும் தண்ணீர் அந்த உஷ்ணத்தைச் சுமந்துகொண்டு போய் வெளியே காற்றில் கொட்டிவிட்டுத் திரும்பி வரவேண்டும்.

‘கொட்டிவிட்டுத் திரும்பி வரவேண்டும்’ என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். உஷ்ணம் போகவேண்டும், ஆனால் தண்ணீர் போகக்கூடாது என்ற இந்தச் சின்னப் பாடத்தைக் கற்றுக்கொள்ள மோட்டார் உலகத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் 1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமைப் பத்திரம் கேட்டு விண்ணப்பித்தார். வண்டி நன்றாகத்தான் இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. குதிரை இல்லாமல் ஓடும் வண்டியை ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்களே தவிர, நம்பி ஏறவில்லை. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லிக்கொள்ளாமலே வண்டியை வெளியில் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரத்திலிருந்து தம் தாயார் வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டுவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். அதுவரையில் அவ்வளவு தூரம் எந்த மோட்டார் வண்டியும் போனதில்லை.

அந்தப் பிரயாணத்தைப் பற்றிச் சொல்பவர்கள், வழியில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கியதையும், அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்ததையும் மறக்காமல் சொல்வார்கள். தண்ணீருக்காக அந்த அம்மாள் பட்ட பாடு அவ்வளவு பிரசித்தி அடையவில்லை. அந்த வண்டியில் ரேடியேட்டர் என்ற உறுப்பே கிடையாது. சிலிண்டரைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். ஆவி போனால் உஷ்ணமும் போகும். கூடவே தண்ணீரும் போய்விடும். ஆகையால் வழியில் கண்ட கிணற்றிலும், சத்திரத்திலும், ஓடையிலும் தாயும் பிள்ளைகளுமாகத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே போனார்கள். நம் வீட்டு இட்லிப் பானையில் அடித்தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது போன்ற காரியம்தான். பானை மட்டும் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி ஊருக்கு ஊர் குடித்துக்கொண்டு போகும் வண்டியை வைத்துக்கொண்டு வேகமாகப் போக முடியாது. எஞ்சினின் பலம் கூடக் கூட உஷ்ணமும் கூடும். உஷ்ணம் கூடினால் தண்ணீர் அதிகம் வேண்டும். தண்ணீர் அதிகமானால் வண்டியின் பாரம் கூடும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் வில்ஹெல்ம் மேபாக். பத்து வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, ராய்ட்லிங்கன் என்ற ஊரில் ஒரு தர்ம ஸ்தாபனத்தில் வளர்ந்தவர். அங்கேதான் காட்லீப் டைம்லர் இவருடைய சாமர்த்தியத்தைக் கண்டுகொண்டார். கடைசி வரையில் இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள்.

நைஸ் நகரத்தில் வசித்த எமில் ஜெலினெக் என்ற பணக்காரருக்கு வேகப் பைத்தியம். பலமான எஞ்சின் உள்ள வண்டி வேண்டும் என்று டைம்லர் கம்பெனியை நச்சரித்துக்கொண்டேயிருந்தார். அவருக்காக மேபாக் கட்டிய 35 குதிரைச் சக்தி வண்டி 1900-ஆம் ஆண்டு டிசம்பரில் தயாராயிற்று. ஜெலினெக் அதற்குத் தம் பெண்ணின் பெயரையே வைத்தார்: மெர்சிடிஸ். அடுத்த ஆண்டு மார்ச்சில் நைஸ் பந்தயங்களில் அந்த வண்டி மற்றவர்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது.

அந்த வெற்றிக்குப் பல காரணங்கள் உண்டு. முக்கியமான ஒன்று வண்டியின் முகத்திலேயே இருந்தது. பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் உள்ள சதுரக் குழாய்கள் 8,070 எண்ணிக்கையை ஒன்றோடொன்று பற்றவைத்து, தேன்கூடு மாதிரி ஒரு பலகை செய்திருந்தார் மேபாக். குழாய்களுக்குள் காற்று ஓடும். குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய சந்துகளில் தண்ணீர் இறங்கும். பின்னால் ஒரு விசிறி. தண்ணீருக்கும் காற்றுக்கும் இவ்வளவு நெருங்கிய சம்பந்தம் ஏற்பட்டதும், முன்பு தேவைப்பட்டதில் பாதியாக, 9 லிட்டர் தண்ணீரே போதுமென்று ஆகிவிட்டது. இன்று எந்தக் காரின் முகப்பைப் பார்த்தாலும் உள்ளே இருப்பது மேபாக்கின் தேன்கூட்டுப் பரம்பரைதான். அதன் சந்துகளில் புழுதியும் பூச்சியும் அப்பிக்கொண்டால் காற்று நுழையாது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது வண்டி சூடேறுமானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் கூட்டைத்தான். நகரத்து நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால் குற்றவாளி பெரும்பாலும் விசிறியாக இருக்கும்.

தண்ணீர் சுற்றி வந்தால் போதுமா? அது என்ன நிலைமையில் இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டாமா? 1908 முதல் 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான ஃபோர்டு ‘டி’ மாடல் வண்டிகளில், ஆரம்பத்தில் வந்த சிலவற்றைத் தவிர மற்றவற்றில், தண்ணீரைத் தள்ளும் பம்பு கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலே ஏறும், ஆறிய தண்ணீர் தானே கீழே இறங்கும் என்ற இயற்கை நியதியை நம்பி அதை அமைத்திருந்தார்கள். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் தண்ணீர் மட்டம் மேல் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கியதோ இல்லையோ, சுற்றோட்டம் அறுந்துவிடும். மேட்டில் ஏறும்போது மூடியிலிருந்து ஆவி சீறுவது அந்தக் காலத்தில் சகஜமான காட்சி.

இந்தக் கவலையை வைத்தே 1912-இல் அமெரிக்காவில் ‘பாய்ஸ் மோட்டோமீட்டர்’ என்ற சாதனம் வந்தது. ரேடியேட்டர் மூடியின் மேல் நிமிர்ந்து நிற்கும் வெப்பமானி அது. ஓட்டுகிறவர் தம் ஆசனத்திலிருந்தே சிவப்புக் கோடு ஏறுவதைப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு முள் காட்டும் கடிகாரங்கள் வண்டிக்குள்ளேயே வந்தன. இப்போது பல கார்களில் அந்த முள்ளும் போய், ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. முள் இருந்தாலும் அதை முழுக்க நம்பிவிடக்கூடாது. தண்ணீர் மொத்தமாக ஒழுகிவிட்டால் உஷ்ணத்தை அளக்கும் முனை வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கிக் காட்டினாலும் காட்டும்.

‘இந்தத் தண்ணீர்த் தொல்லையே வேண்டாம், காற்றே போதும்’ என்று சொன்னவர்களும் உண்டு. தானாக எஞ்சினைக் கிளப்பும் மின்சார ஸ்டார்ட்டரைத் தந்த சார்லஸ் கெட்டரிங் அவர்களில் ஒருவர். சிலிண்டரைச் சுற்றிச் செம்புத் தகடுகளைப் பற்றவைத்து, காற்றால் குளிரும் ஷெவர்லே வண்டி ஒன்றை 1923-இல் வெளியே கொண்டுவரச் செய்தார். சூடேறியதும் அது பலமிழந்து தட்டத் தொடங்கியது. விற்ற வண்டிகளை அதே ஆண்டில் கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்தது. காற்றுக் கட்சியின் பெருமையைப் பின்னால் காப்பாற்றியது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் ‘வண்டு’. 2003-இல் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவரும் வரையில் இரண்டு கோடிக்கு மேல் உற்பத்தியானது அது. ஆனாலும் உலகத்தின் பெரும்பாலான கார்கள் தண்ணீரையே நம்பி வந்தன.

தண்ணீருக்கு இன்னொரு சத்துரு குளிர். பனி நாடுகளில் இரவில் தெருவில் நிறுத்திய வண்டியில் தண்ணீர் உறைந்து, கொள்ளளவில் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகி, வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். அதைத் தடுக்க மர ஆல்கஹாலைக் கலந்தார்கள். அது தண்ணீருக்கு முன்னால் கொதித்து ஓடிப் போய்விட்டது. 1927-இல் அமெரிக்காவில் ‘பிரெஸ்டோன்’ என்ற பெயரில் எதிலீன் கிளைக்கால் கடைக்கு வந்தது. ஏழு தசாப்தங்களுக்கு முன்னால் வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் முதன்முதலாகத் தயாரித்த பொருள்தான். சுமார் 197 டிகிரியில்தான் அது கொதிக்கும். சரிபாதி தண்ணீரோடு கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரையில் உறையாது. ‘கூலன்ட்’ என்று நாம் இன்று வாங்கும் சாயத் தண்ணீரில் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

குளிரின் கதை இப்படியிருக்க, தண்ணீரைத் திரும்பப் பிடிக்கும் சாமர்த்தியம் மோட்டார் தொழிற்சாலையில் வளரவில்லை. தண்ணீரே இல்லாத இடத்தில் வளர்ந்தது. 1926-இல் ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி எகிப்துக்கு வந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் எஞ்சினீயரிங் படித்தவர். நாவல் வாசகர்களுக்கு இவரை வேறு விதமாகவும் அறிமுகப்படுத்தலாம்: ‘நேஷனல் வெல்வெட்’ எழுதிய ஈனிட் பாக்னால்டின் தம்பி. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நண்பர்களோடு ஃபோர்டு கார்களில் ஏறிக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போய்விடுவார். ஒட்டகக்காரர்களே தவிர்த்துவந்த மணற்கடலுக்குள் கார் போகும் என்று அப்போது யாரும் நம்பவில்லை.

அங்கே ரேடியேட்டரிலிருந்து ஆவியாகப் போகும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் மனிதர்கள் குடிப்பதற்காக எடுத்து வந்த தண்ணீர். வண்டியும் மனிதனும் ஒரே பாத்திரத்திலிருந்து குடித்தார்கள். ஒருவருடைய வீணடிப்பு மற்றவருடைய உயிர். ஆகையால் ஆவியை வெளியே விடும் குழாயின் முனையை, காரின் பக்கவாட்டில் கட்டிய, பாதியளவு தண்ணீர் உள்ள ஒரு தகரத்துக்குள் கொண்டுபோய் விட்டார்கள். ரேடியேட்டரில் எழும் ஆவி தகரத்துத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகிவிடும். நேரம் ஆக ஆக, தகரமும் கொதித்து ஓட்டுகிறவர் மேல் தெறிக்கும். அதுதான் எச்சரிக்கை மணி. உடனே வண்டியைக் காற்று வரும் திசைக்கு முகம் திருப்பி நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். ரேடியேட்டர் குளிரும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், களகளவென்று சத்தம் கேட்கும். தகரத்திலிருந்த தண்ணீர் முழுவதும் தானாகவே ரேடியேட்டருக்குத் திரும்பிவிடும்!

1935-இல் பாக்னால்ட் ராணுவத்தை விட்டு விலகினார். யுத்தம் வந்ததும் திரும்ப அழைத்தார்கள். 1939 அக்டோபரில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய கப்பல் மத்தியதரைக் கடலில் இன்னொரு கப்பலோடு மோதி, பழுதுபார்ப்பதற்காக எகிப்திலுள்ள போர்ட் சயீதுக்கு வந்தது. பாலைவனம் தெரிந்த மனிதரைப் பாலைவன வாசலில் விதி இறக்கிவிட்டது. 1940 ஜூன் மாதத்தில் தளபதி வேவல் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஆறு வார அவகாசத்தில் ஒரு படையை உண்டாக்கச் சொன்னார். ‘நெடுந்தூரப் பாலைவனக் குழு’ என்று பிரசித்தி பெற்ற அந்தப் படையின் ஷெவர்லே லாரிகளின் முன்னால் ரேடியேட்டர் ஆவியைப் பிடிக்கும் தகரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. சத்துருவின் முதுகுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான மைல் போய்த் திரும்பிய அந்த லாரிகளை, துப்பாக்கியோடு கூட அந்தத் தகரமும் காப்பாற்றியது.

இனி உங்கள் காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். ரேடியேட்டருக்குப் பக்கத்தில், பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பாத்திரமும், அதற்குப் போகும் மெல்லிய குழாயும் இருக்கும். பல கார்களில் அது செய்யும் வேலை பாலைவனத்துத் தகரத்தின் வேலையேதான்: பெருகியதை வாங்கிக்கொள்வது, குளிர்ந்ததும் திருப்பிக் கொடுப்பது. எஞ்சின் ஆறியிருக்கும் நேரத்தில் அதன் மேலுள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே மட்டம் நிற்க வேண்டும். மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். மட்டம் அடிக்கடி குறைந்தால், மேலும் மேலும் ஊற்றி மனத்தைச் சமாதானம் செய்துகொள்வது தவறு. மூடிய சுற்றில் தண்ணீர் குறைகிறதென்றால் எங்கேயோ வழி இருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் குழாயின் முனையிலும், பம்பின் அடியிலும் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வண்டிக்குள் தித்திப்பு வாசனை வந்து காலடி விரிப்பு நனைந்தால், ஹீட்டர் ஒழுகுகிறது. எண்ணெய் மூடியின் உட்புறம் மோர் மாதிரி வெளுத்து, புகைக்குழாயில் ஓயாமல் வெள்ளைப் புகை வந்தால், சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள காஸ்கெட் போய்விட்டதாக எண்ணி உடனே மெக்கானிக்கிடம் போகவேண்டும்.

இந்தச் சுற்றுக்குப் பூட்டுப் போட்டது அழுத்த மூடி. அதனுடைய தத்துவம் நம் சமையலறைக்கு அந்நியமல்ல. 1679-இல் டெனிஸ் பாப்பின் லண்டனில் எலும்பை வேகவைத்துக் காட்டிய இறுக்க மூடிய பாத்திரம்தான் இன்றைய பிரஷர் குக்கரின் மூதாதை. அழுத்தம் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் நிலையும் ஏறும். காரின் மூடி, காற்று மண்டலத்தின் அழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு மடங்கு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. அதனால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரையில் கொதிக்காமல் இருக்கும். கிளைக்கால் பாதி கலந்திருந்தால் 130 டிகிரியை நெருங்கும் வரையில் தாங்கும். சூடான எஞ்சினின் மூடியைத் திறப்பது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து தெரியும். திறந்த கணத்தில் அழுத்தம் போகிறது; அதுவரையில் சாதுவாக இருந்த நீர் ஒரே பாய்ச்சலில் ஆவியாகி முகத்திலும் கையிலும் அடிக்கிறது. வண்டி சூடேறினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, மேல் ரப்பர் குழாய் தொடுவதற்கு ஆறும் வரையில் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். நிறுத்த இடம் கிடைக்காத நெரிசலில், குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுக்கத் திறந்து விடலாம். சித்திரை வெயிலில் இது ஒரு தவம்தான். ஆனாலும் எஞ்சினின் உஷ்ணத்தில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். ஆறாத எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் காணலாம்.

‘பனி பெய்யாத நம் ஊரில் கூலன்ட் எதற்கு? குழாய்த் தண்ணீர் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். கொதிநிலையை உயர்த்துவது இரண்டாவது. உலோகம் அரிக்காமல் காப்பது மூன்றாவது. நமக்கு அதுவே பிரதானம். உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு மேபாக்கின் மெல்லிய சந்துகளிலும் படியும். ஆகவே கனிமம் நீக்கிய தண்ணீரைத்தான் கலக்கவேண்டும். முன்பே கலந்து விற்பதில் மறுபடி தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை. நிறத்தைப் பார்த்து ஜாதியை நிர்ணயிக்கக்கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் கம்பெனிகள் போடும் சாயம். காரோடு வந்த கைப்புத்தகம் எந்த வகை என்று சொல்கிறதோ அதுதான் பிரமாணம். அரிப்பைத் தடுக்கும் மருந்து நாளடைவில் தீர்ந்து போகும். பழைய வகையை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், புதிய வகைகளைச் சுமார் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் மாற்றுவது வழக்கம். இதற்கும் கைப்புத்தகத்தின் வாக்கே முடிவு.

மாற்றிய பழைய நீரை என்ன செய்வது? இது எஞ்சினைவிடப் பெரிய விஷயம். எதிலீன் கிளைக்கால் தித்திப்பானது, கொடிய விஷமும்கூட. உடம்புக்குள் போனதும் ஈரல் அதை அமிலங்களாக மாற்றுகிறது. அவை சிறுநீரகத்தில் படிகமாக உறைந்து அதைக் கெடுக்கின்றன. உரிய சிகிச்சை சீக்கிரம் கிடைத்தால் பிழைக்கலாம். சாராயத்தின் சத்தையே மருந்தாகக் கொடுத்து இந்த விஷத்தை வைத்தியர்கள் தடுத்து வந்தார்கள். 1997-இல் ஃபோமெபிசோல் என்ற தனி மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் தெருநாய்க்கும், தவழும் குழந்தைக்கும் தித்திப்பு மட்டும்தான் தெரியும். சாக்கடையிலோ வாசலிலோ ஊற்றாமல், பட்டறையில் ஒப்படைத்துவிட வேண்டும். குடிதண்ணீர்ப் புட்டியிலோ சர்பத் புட்டியிலோ மிச்சத்தை ஊற்றி அலமாரியில் வைப்பது கூடவே கூடாது.

பெர்த்தா பென்ஸ் வழியெல்லாம் வண்டிக்குத் தண்ணீர் தேடினார். பாக்னால்ட் தம் வாய்க்குரிய தண்ணீரை வண்டியோடு பங்கிட்டுக்கொண்டார். அவர்களுக்கு அதை மறக்க வழியே இருக்கவில்லை. வண்டி மறக்க விடவில்லை. நம் கார் கேட்பதில்லை. அவ்வளவு சாமர்த்தியமாக அதன் தாகத்தை மூடி வைத்துவிட்டார்கள். ஆகையால் கேட்பதற்கு முன்னால் நாமே பார்த்துவிட வேண்டியிருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால், அந்த இரண்டு கோடுகளைப் பார்க்க அரை நிமிஷம் போதும்.